ஏணியில் ஏறியவன் கையில் என்ன?

1

படம் கத்தும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், அங்கே ஒரு சின்ன அருங்காட்சியகம். நானூறு ஐந்நூறு வருடப் பழைய ஓவியம் ஒன்றின் முன்னால் என் மகளோடு நின்றிருந்தேன். ஓவியத்தின் மேல் மூலையில் ஏதோ புகை மாதிரித் தெரிந்தது. புகையா, அழுக்கா என்று பார்க்க முகத்தைக் கிட்டே கொண்டுபோய் விரலை நீட்டினேன். தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை. பீப் பீப் என்று அறை முழுக்க அலறியது.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, என் உடம்புதான் பொறுப்பு. இடது கையால் மகளைப் பிடித்தேன். வலது கையால், பக்கத்தில் நின்றிருந்த முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்கார அம்மாளைப் பிடித்தேன். "ஓடாதீர்கள், நடங்கள், ஓடாதீர்கள், நடங்கள்" என்று எனக்குத் தெரிந்த டச்சில் சொல்லிக்கொண்டே, உள்ளே வரும்போதே பார்த்துவைத்திருந்த பக்கவாட்டுக் கதவைத் தள்ளி, இரண்டு பேரையும் முற்றத்து மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தித் தலை எண்ணினேன். என்னோடு சேர்த்து மூன்று.

அந்த அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு என் மகளிடம் ஏதோ கேட்டார். மகள் தரையைப் பார்த்தபடி எனக்குச் சொன்னாள்: "இதுவும் டூர்ல சேர்த்தியான்னு கேக்கறாங்கப்பா."

என் மகள் நிவேதாவுக்குக் கோபம் வந்தால் டச்சு வரும். வெட்கம் வந்தால் தமிழ் வரும். பக்கத்தில் இருப்பவர்களுக்குப் புரியாது அல்லவா. அன்று காலை முழுக்க அவள் பேசியது தமிழ்.

2

ஊரில் இருப்பவர்கள் சிரிப்பதற்கு முன்னால் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். என் வேலை, பார்ப்பது.

இங்கே துறைமுகத்தை ஒட்டி ரசாயன ஆலைகள் நிறைய. அங்கே எங்காவது வெல்டிங் நடந்தால், தீயணைப்பான் ஒன்றைக் காலடியில் வைத்துக்கொண்டு பொறி எங்கே போய் விழுகிறது என்று பார்த்தபடி ஒருவர் நிற்க வேண்டும். அந்த ஒருவர் நான். வெல்டர் முகமூடி போட்டிருப்பான், அவனுக்கு அவன் கையில் இருக்கும் வெளிச்சம் மட்டும்தான் தெரியும். மீதி உலகத்தை அவனுக்காக நான் பார்க்கிறேன். அவன் வேலையை முடித்துக் காபி குடிக்கப் போன பிறகும் நான் நிற்பேன். பொறி உடனே பற்றாது. யோசித்துப் பற்றும். எட்டு மணி நேரம் நின்று ஒன்றுமே நடக்கவில்லை என்றால் நான் நன்றாக வேலை பார்த்தேன் என்று அர்த்தம்.

இதே வேலையைக் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்திலும் பார்த்தேன். அதற்கு முன்னால் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கம்பி ஆலையில் ஹெல்பர். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் பெல்ஜியத்துக்கு எப்படிப் போனான் என்று கேட்பீர்கள். நான் வரவில்லை, என் மனைவி கிரேஸ் வந்தாள். மீஞ்சூர்க்காரி, நர்ஸ். இங்கே ஆஸ்பத்திரிகளில் ஆள் போதவில்லை என்று கூப்பிட்டார்கள். என் தாளில் 'கணவர்' என்று மட்டும் போட்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

வந்த புதிதில் நகர மன்ற அலுவலகத்தில் என் படிப்புக்கு அத்தாட்சி கேட்டார்கள். என்னிடம் இருந்தது பள்ளி மாற்றுச் சான்றிதழ் ஒன்றுதான், மடித்த இடமெல்லாம் கிழிந்தது. அதில் 'பள்ளியை விட்ட காரணம்' என்ற இடத்தில் 'குடும்பச் சூழ்நிலை' என்று எங்கள் ஹெட்மாஸ்டர் எழுதியிருந்தார். அந்த இரண்டு வார்த்தையையும், அரசாங்கத்தில் பெயர் பதிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் டச்சில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அது பொய் இல்லை. ஆனால் முழுக்க உண்மையும் இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எங்கே போனாலும் நான் முதலில் பார்ப்பது வெளியே போகும் வழி. சினிமா, சர்ச், கல்யாண மண்டபம், எதுவானாலும். "மாமியார் ஊட்டுக்கு வந்தாக்கூட மொதல்ல பின் கதவத் தான் தேடுவாரு" என்று கிரேஸ் தன் அம்மாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அருங்காட்சியகத்தில் இரண்டு கதவு, மூன்று தீயணைப்பான். மூன்றிலும் சோதித்த சீட்டு சரியாகத் தொங்கியது. அதையும் பார்த்துவிட்டுத்தான் படங்களைப் பார்க்க ஆரம்பித்தேன்.

3

அருங்காட்சியகத்துக்கு நானாகப் போகவில்லை. அது நிவேதாவின் வீட்டுப்பாடம். 'வீட்டில் பெரியவர் ஒருவருடன் ஒரு படத்தின் முன்னால் அரை மணி நேரம் நில். அவர் என்ன பார்க்கிறார் என்று எழுது. நீ நினைப்பதை எழுதாதே' என்று ஆசிரியை கொடுத்திருந்தார். அவளுக்கு அம்மாவைக் கூட்டிப்போகத்தான் ஆசை. "அம்மாவுக்கு டூட்டி. அதான் நீ" என்று முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

இதைவிடப் பெரிய ஒன்று எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு வாரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை ஐந்து நாள் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறார்கள். கடல் வகுப்பு என்று பெயர். அங்கேயே தங்கல், சாப்பாடு, மணலில் பாடம். பெற்றோர் ஒரு தாளை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். என்ன மருந்து, எது ஒத்துக்கொள்ளாது, நீச்சல் தெரியுமா என்று வரிசையாகக் கேள்வி. கடைசியில் ஒரு கட்டம்: 'உங்கள் பிள்ளையைப் பற்றி நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.'

கிரேஸ் கையெழுத்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. "நான் போட்டேன்னா அஞ்சு நாளும் என் உயிர எடுப்பீங்கோ. நீங்களே போடுங்கோ."

நான் அந்தக் கட்டத்தைப் பென்சிலால் நிரப்ப ஆரம்பித்தேன். தூக்கத்தில் புரள்வாள், மேல் கட்டில் வேண்டாம். கூப்பிட்டால் முதல் தடவை திரும்பமாட்டாள். ஈர மணலில் ஓடுவாள். காற்று அடித்தால் காது வலிக்கும், சொல்லமாட்டாள். அலை பின்வாங்கும்போது காலடி மணல் போகும், அதை அவளுக்கு யாராவது சொல்ல வேண்டும். கட்டம் போதவில்லை. ஓரத்தில் எழுதினேன். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினேன்.

நிவேதா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் இன்னா கடலுக்குப் போறேனா, சண்டைக்குப் போறேனா?"

தாளைக் கொடுக்கக் கடைசி நாள் செவ்வாய்க்கிழமை. அவள் வகுப்பில் மீதி எல்லாரும் கொடுத்தாகிவிட்டது. அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டாள். முன்பெல்லாம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாய் ஓயாது. இந்த இரண்டு வாரமாக நான் கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. இந்த ஐந்து நாளுக்கு நான் முடியாது என்று சொன்னால், அவள் என்னிடம் இனிமேல் எதையும் கேட்காமலேயே இருக்கப் பழகிவிடுவாள் என்று தோன்றியது. கையெழுத்துப் போடவும் கை வரவில்லை.

4

இனி படம்.

எங்கள் ஊர் வீட்டுக் கதவைக் கழற்றிப் படுக்கப் போட்ட அளவு இருக்கும். வரைந்தவர் பெயர் தெரியாது என்று பக்கத்தில் எழுதியிருந்தது. தலைப்பு, ஊர்த் திருவிழா.

நான் முதலில் அதிலும் வெளியே போகும் வழியைத்தான் தேடினேன். இடது பக்கம் ஒரு மண் பாதை, வலது பக்கம் ஒரு வேலிப் படல். நடுவில் ஐம்பது அறுபது பேர். கை கோத்து வட்டமாக ஆடுகிறார்கள். ஒரு பீப்பாயின் மேல் ஒருவன் உட்கார்ந்து தோல்பை வைத்த ஊதுகுழலை ஊதுகிறான், கன்னம் நம் நாதஸ்வரக்காரர் கன்னம் மாதிரி உப்பியிருக்கிறது. ஒரு வீட்டின் மாடியிலிருந்து கொடி தொங்குகிறது, கொடியில் சாமியார் உருவம். சுவர் ஓரம் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அவன் என்ன செய்கிறான் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம்.

"அப்பா, அத விடு. வேற சொல்லு" என்றாள் நிவேதா, நோட்டைப் பிடித்துக்கொண்டு.

பெரிய அண்டா ஒன்று. அதிலிருந்து மஞ்சளாக எதையோ ஒரு பெண் மொண்டு ஊற்றுகிறாள். அரிசியும் பாலும் போட்ட கஞ்சி அது. இங்கே கடைகளில் இப்போதும் குட்டிக் கிண்ணத்தில் விற்கிறார்கள். ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், ஆளுக்கு ஒரு கிண்ணம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. வீட்டிலிருந்து எடுத்து வந்தது என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் வாங்க நாம் சொம்பும் தூக்கும் எடுத்துப் போவதில்லையா. ஒருவன் மரக்கரண்டியைத் தொப்பியில் செருகியிருந்தான். பந்தியில் கரண்டி தரமாட்டார்கள் போலிருக்கிறது. ஒரு குழந்தை தரையில் உட்கார்ந்து கிண்ணத்தைத் தலைகீழாக்கி நக்குகிறது. அதன் முகத்தைப் பார்த்தால் அதற்கு இன்னொரு கிண்ணம் கிடைக்காது என்றும் தெரிகிறது.

இவ்வளவையும் சொன்னேன். நிவேதா எழுதினாள். இந்தப் பக்கம் திரும்பாமலேயே, "கூழ்னா எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். இரண்டு வாரத்தில் அவளாகக் கேட்ட முதல் கேள்வி.

படத்தின் வலது பக்கம் ஒரு கூரை வீடு. அதில் ஒருவன் ஏணி சாத்தி ஏறிக்கொண்டிருக்கிறான். மேலே சின்ன ஜன்னல், ஜன்னலுக்குள் ஒரு பெண்ணின் தலைத்துணி. நிவேதா விளக்கச் சீட்டைப் படித்துச் சொன்னாள். ஓவியர் கிராமத்தாரின் கெட்ட குணங்களை எல்லாம் ஒரே இடத்தில் காட்டுகிறாராம். பெருந்தீனி, குடி, சண்டை. ஏணியில் ஏறுகிறவன் கள்ளக் காதலன், கையில் பீர் வைத்திருக்கிறான். நகரத்துப் பணக்காரர்கள் சாப்பாட்டு அறையில் மாட்டிவைத்துச் சிரிப்பதற்காக வரைந்த படமாம்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊர்க் கூழ் ஊற்றும் விழாவின்போது, தொழிற்பேட்டைக்கு வரும் பெரிய கார் ஏதாவது ரோட்டில் நின்று கண்ணாடியை இறக்கிப் போட்டோ எடுக்கும். அந்தப் போட்டோவுக்குக் கீழே என்ன எழுதியிருப்பார்கள் என்று அன்றுதான் யோசித்தேன்.

அப்போதுதான் அந்தப் புகையைப் பார்த்தேன். கிட்டே போனேன். அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும்.

5

மரத்தடிக்கு அருங்காட்சியகக் காவலர் வந்தார். ஆறரை அடி இருப்பார், நரைத்த மீசை. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கிட்டே போனால் மணி அடிக்கும், அவ்வளவுதான், தீ ஒன்றும் இல்லை என்றார். பிறகு என் மகளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். அவளுக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது என்று அவள் நிமிர்ந்த விதத்திலேயே தெரிந்தது.

"அவ்ளோ கிட்ட போய் நீ இன்னா பாத்தேன்னு கேக்கறாருப்பா."

திரும்ப உள்ளே போனோம். நான் கையைப் பிடித்து இழுத்து வந்த அம்மாளும் கூடவே வந்தார், எங்களை விடவில்லை. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தாடையால் காட்டினேன். கூரை வீட்டின் இறவாணம், கூரை இறங்கி முடியும் ஓரம், ஏணிக்கு இரண்டு விரல் தள்ளி. பழுப்பும் மஞ்சளுமாக ஒரு கறை.

"அது பின்கட்டு அடுப்புப் புகையாம்" என்றாள் நிவேதா, காவலர் சொன்னதைக் கேட்டு.

"அடுப்புப் புகை இல்லன்னு சொல்லு. அடுப்புப் புகை எழும்பி மேல போவும். கூரை உள்ளுக்குள்ள பத்திக்கினா புகை மொதல்ல ஓரத்துல கசிஞ்சு கீழ வழியும். அப்பறந்தான் மேல போவும். கலரப் பாரு. வெள்ளை இல்ல."

அவள் சொன்னாள். காவலர் குனிந்து பார்த்தார். கறையாகவும் இருக்கலாம், இந்தப் படம் ரொம்ப நாள் ஒரு விடுதிச் சுவரில் மெழுகுவர்த்திக்கு மேலே தொங்கியது என்றார். அதுவும் நியாயம்தான். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எனக்கு எதிலும் சந்தேகம் வரும்.

"அப்போ அவன் கையில இருக்கிறது?" என்று கேட்டேன்.

பீர்க் குடுவை என்றார் காவலர். சீட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

நிவேதா எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டுப் படத்தின் இடது ஓரத்திலிருந்து மெதுவாக நடக்க ஆரம்பித்தாள். உதடு அசைந்தது. எண்ணுகிறாள். "பீர்க் குடுவை ஒம்போது இருக்குதுப்பா. எல்லாமே மண்ணு. எல்லாத்துக்கும் ஒரு காது. இவன் கையில இருக்கிறது மரம். பட்டை போட்டிருக்கு. கயிறு கட்டியிருக்கு." பிறகு படத்தின் கீழ் ஓரத்தில் இருந்த பன்றித் தொட்டியைக் காட்டினாள். தொட்டியின் பக்கத்தில், தோளில் வைத்துத் தண்ணீர் சுமக்கும் கட்டை ஒன்று கீழே கிடந்தது. அதன் ஒரு முனையில் ஒரு மர வாளி. மறு முனையில் கொக்கி மட்டும், காலியாக.

ஏணியில் இருந்தது அதன் ஜோடி.

இதை அவள் காவலருக்கு டச்சில் சொன்னபோது அவர் மீசைக்குள் ஒரு சத்தம் போட்டார். காதலியைப் பார்க்கப் போகிறவன் பன்றிக்கு வைத்த தண்ணீரையா எடுத்துப் போவான் என்று அந்த அம்மாள் சொல்ல, மூன்று பேரும் சிரித்தார்கள். நான் நாலாவதாகச் சிரித்தேன், எனக்கு மொழிபெயர்ப்பு வர நேரமாகும்.

"எத்தனை வருஷமா இங்க இருக்காரு, இதப் பாக்கலியா? கேளு" என்றேன்.

அவர் சொன்ன பதிலை நிவேதா அப்படியே சொன்னாள்: "நான் படத்தப் பாக்கறதில்ல. ஆளுங்க கையப் பாப்பேன். எதுவும் ஆவலன்னா அன்னிக்கு நான் வேலை பாத்தேன்னு அர்த்தம்."

நான் அவருக்குக் கை கொடுத்தேன். ஏன் என்று அவருக்குப் புரிந்திருக்காது.

6

அதோடு முடிந்திருக்கலாம். நிவேதாதான் விடவில்லை. அறையின் நடுவில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள்.

"நெருப்புன்னா அவன் ஏன் கத்தல?"

மறுபடி பார்த்தேன். படத்தில் முகம் தெரியும் அத்தனை பேருக்கும் வாய் திறந்திருக்கிறது. சிரிக்கிறார்கள், தின்கிறார்கள், பாடுகிறார்கள். நாய்க்குக்கூட வாய் திறந்திருக்கிறது. ஏணிக்காரனுக்கு மட்டும் வாய் மூடியிருக்கிறது. பல்லைக் கடித்திருக்கிறான், தாடை எலும்பு தெரிகிறது.

"கத்தினா எல்லாரும் ஓடுவாங்க" என்றேன்.

"ஓடட்டுமே. நெருப்புதானே?"

"ரெண்டு பக்கமும் ஒரு ஆள் போற வழி தான் இருக்கு. நடுவுல அண்டா. அந்தக் கொழந்த கீழ உக்காந்துக்கினு இருக்கு பாரு."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

இருபத்தேழு வருடமாக யாருக்கும் சொல்லாததை அந்தப் பெஞ்சில் வைத்து என் மகளுக்குச் சொன்னேன்.

அப்போது எனக்குப் பதினாலு வயது. எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டிக்கும் கவரைப்பேட்டைக்கும் நடுவில். ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோயில் முன்னால் கீற்றுப் பந்தல். பந்தலுக்குள் மூன்று அண்டாக் கூழ். ஊரே உள்ளே இருக்கிறது. யாரோ வெளியே சரவெடி கொளுத்தினார்கள். பந்தல் ஓரத்துக் கீற்றில் ஒரு பொறி விழுந்து பற்றுவதை நான் பார்த்தேன். என் உள்ளங்கை அளவுதான் இருக்கும். நான் என் தொண்டை கிழியக் கத்தினேன். "நெருப்பு! நெருப்பு!"

மைக் செட் போட வந்திருந்தவர், பெஞ்சின் மேல் ஏறி ஈரத் துண்டால் இரண்டு அடி அடித்தார், நெருப்பு அணைந்துவிட்டது. அதற்குள் பந்தலில் ஒருவரும் இல்லை. அண்டா ஒன்று கவிழ்ந்து கூழ் தரையெல்லாம் ஓடியது. அந்தக் கூழில் என் அம்மா விழுந்து கிடந்தாள். மிதித்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். தொடை எலும்பு இரண்டாகிவிட்டது.

அப்பா லாரியில் போகிறவர், போனால் வாரக் கணக்கில் வரமாட்டார். அம்மா எட்டு மாதம் படுத்த படுக்கை. நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அம்மாவைப் பார்த்துக்கொண்டேன், பிறகு தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போனேன். குடும்பச் சூழ்நிலை என்பது அதுதான். ஊரில் அதை இப்போதும் பேசுவார்கள், எவனோ குடிகாரன் கத்திவிட்டான் என்று. அம்மாவும் அப்படித்தான் சொல்வாள்: "எவனோ கத்தினான், நான் உழுந்தேன்." ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில் நின்று தலையை ஆட்டுவேன்.

நிவேதாவின் பேனா நின்றிருந்தது.

"ஆயாவுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"அப்போ யாருக்குத் தெரியும்?"

"உனக்கு."

அவள் அந்த வாளியைப் பார்த்தாள். "இத எழுதட்டா? நீ பாத்தத தான் எழுதச் சொன்னாங்க. இதுவும் நீ பாத்தது தானே?"

எழுதாதே என்றேன். நோட்டை மூடிவிட்டாள். வீடு திரும்பும் ரயிலில் கவரைப்பேட்டை எங்கே இருக்கிறது, சரவெடி என்றால் என்ன, மைக் செட்காரர் பெயர் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இறங்குவதற்கு முன்னால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அந்த ஃபாரத்துல பின்பக்கம் வரைக்கும் கத்திக் கத்தி வெச்சிருக்கேப்பா நீ."

7

திங்கட்கிழமை எனக்கு விடுமுறை. காலையில் ஊருக்கு வீடியோ போட்டேன், அங்கே மத்தியானம். அம்மா சாப்பிட்டு முடித்துக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல் காமிராவில் நெற்றி மட்டும் தெரிந்தது.

"இன்னா நைனா இந்நேரத்துல? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"நல்லா கீறேன்மா. ஒண்ணு சொல்லணும். அன்னிக்குக் கூழு ஊத்தசொல்ல, பந்தல்ல, கத்தினது..."

"ஆமா, நீ தான் கத்தினே. அதுக்கு இன்னா இப்போ?"

நெட் போய்விட்டது என்று நினைத்து அம்மா போனைத் தட்டினாள். "அலோ? அலோ? கீறியா?"

"உனுக்கு எப்படிம்மா தெரியும்?"

"ஒனக்குப் பேரு வெச்சது நானு, ஒங் கொரலு எனக்குத் தெரியாதா? நெருப்புன்னு கேட்டதும் எல்லாரும் வெளிய ஓடறானுங்கோ. நான் உள்ள ஓடியாந்தேன், நீ மாட்டிக்கினேன்னு. அத்தினி பேருக்கும் எதிர்ல ஓடியாந்தா மெறிக்க மாட்டானுங்களா?"

அம்மா வெளியே ஓடும்போது விழுந்தாள் என்றுதான் இருபத்தேழு வருடமும் நினைத்திருந்தேன்.

"அப்பறம் எதுக்கு எவனோ கத்தினான், எவனோ கத்தினான்னு எல்லார்கிட்டயும் சொன்னே?"

"வேற இன்னா சொல்றது? எம் புள்ள தான்னு சொன்னா ஊர்ல உன்னை உடுவானுங்களா? நீயும் வாயத் தொறக்கல, நானும் தொறக்கல. அதோட போச்சு." அம்மா போனைக் கொஞ்சம் கீழே இறக்கினாள், கண் தெரிந்தது. "பதினாலு வயசுப் புள்ள நெருப்பப் பாத்தா கத்தாம பின்ன பாட்டா பாடும்? இப்போ இன்னா வயசு உனுக்கு?"

"நாப்பத்தொண்ணு."

"அதான் சொல்றேன். கிரேஸு எல்லாம் சொல்லிச்சு. பாப்பாக்குக் கையெழுத்து போட்டியா?"

"இன்னும் இல்ல. கடலும்மா."

"கடலுன்னா? நீ காட்டுப்பள்ளில கடலாண்ட நின்னுக்கினு இருந்தப்போ, நான் இங்கருந்து கத்தினேனா?"

8

செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தபோது, தாளை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ரப்பரால் அழித்தேன். பின்பக்கத்தை அழிக்கத்தான் நேரம் பிடித்தது. கட்டத்தில் ஒரே வரி எழுதினேன்: 'எதையும் உற்றுப் பார்ப்பாள்.' நிவேதா ஷூ லேஸ் கட்டிக்கொண்டே எட்டிப் பார்த்து, அதில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினாள். கையெழுத்துப் போட்டேன்.

"அப்பா, பந்தல் கதை?"

"எழுதிக்கோ."

அவள் எழுதியதை ஆசிரியை அருங்காட்சியகத்துக்கே அனுப்பிவைத்தார். வாளி, காலிக் கொக்கி, புகை எல்லாவற்றையும். பதில் வந்தது. உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது, உரிய நேரத்தில் பரிசீலிக்கப்படும் என்று இருந்தது. நம் தாலுகா ஆபீஸில் மனு கொடுத்தால் வருகிற பதிலேதான், தாள் மட்டும் கொஞ்சம் கனம். ஆக, அது நெருப்பா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் ஒருவேளை உண்மையிலேயே அந்தப் பெண்ணைப் பார்க்கத்தான் ஏறினானோ என்னவோ. ஆனால் அவன் கையில் இருப்பது பீர் இல்லை. அதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

இந்தத் திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்து முற்றத்தில் பஸ் வந்து நின்றது. நான் சீக்கிரமே போய் டயர் நான்கையும் பார்த்தேன். ஜன்னல் உடைக்கும் சின்னச் சுத்தியல் இருக்கிறதா என்றும் பார்த்தேன், இருந்தது. கிரேஸ் என் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டிருந்தாள், ஓட்டுநரிடம் போய்ப் பேசிவிடாமல் இருக்க. பிள்ளைகள் இருபத்திரண்டு பேரும் ஏறினார்கள். நிவேதா மூன்றாவது ஜன்னல். இன்னும் சீட் பெல்ட் போடவில்லை, இங்கிருந்தே தெரிந்தது. பஸ் உறுமியது. என் வாய் தானாகத் திறந்தது.

அவள் கண்ணாடி வழியாக நேராக என்னைப் பார்த்தாள். ஒரு விரலை எடுத்து உதட்டின் மேல் வைத்தாள். சிரித்தாள். பெல்ட்டை இழுத்துப் போட்டாள்.

வாயை மூடிக்கொண்டேன். மற்ற பெற்றோர்கள் எல்லாம் கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். பஸ் தெருமுனை திரும்பும் வரை நான் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"இன்னா முணுமுணுக்கறீங்கோ?" என்றாள் கிரேஸ்.

"ஒண்ணுமில்ல" என்றேன். இருபத்திரண்டு தலை. சரியாக இருந்தது.